வண்டி 14 நின்றுள்ளது

ஜூன் 3, திங்கள்

என் பெயர் சென்னியப்பன். இதை நானே எழுதினேன்.

ஜூன் 4, செவ்வாய்

நேற்று எழுதியது அவ்வளவுதான். அதற்கே கை வலித்தது. தினமும் எழுதினால்தான் கை பழகும் என்று முதியோர் கல்வி வகுப்பு டீச்சர் சொல்லியிருக்கிறார். எதை எழுதுவது என்று கேட்டேன். "காத்தால இருந்து பொழுது போற வரைக்கும் என்ன நடக்குதோ அத எழுதுங்க" என்றார்.

புளியம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கோழிக்குஞ்சு ஹேச்சரியில் நான் கேட் பார்க்கிறேன். முட்டையிலிருந்து வந்த குஞ்சுகளை அன்றைக்கே பெட்டியில் போட்டு, வண்டியில் ஏற்றிப் பண்ணைகளுக்கு அனுப்புவார்கள். நான் கேட்டைத் திறப்பேன். போகிற, வருகிற வண்டிகளின் சக்கரம் நனைந்து போவதற்குத் தொட்டியில் மருந்து கலந்து வைப்பேன். திரும்பி வரும் காலிப் பெட்டிகளைக் கழுவி வெயிலில் கவிழ்ப்பேன். தங்குவதும் இங்கேயே ஒரு அறையில்தான்.

இன்று ஒரு பக்கம் வந்துவிட்டது. சந்தோஷமாக இருக்கிறது.

ஜூன் 6, வியாழன்

எனக்குப் புது வேலை கொடுத்திருக்கிறார்கள். கோயமுத்தூர் ஆபீசிலிருந்து வினோதினி வந்திருந்தது. வண்டிகள் எங்கே போகின்றன என்பதைக் கம்ப்யூட்டரில் பார்ப்பது அந்தப் பெண்தான். கையில் ஒரு போனைக் கொடுத்து, "தாத்தா, இனிமே இது கேட்டுப் போன். படிக்கத் தெரிஞ்ச ஆளு கேட்டுல வேணும்னு மொதலாளிகிட்டச் சொன்னேன். நீங்கதான் இப்ப படிச்ச ஆளாச்சே" என்றது.

அது சொன்னதை மறக்காமல் இருக்க எழுதிக்கொள்கிறேன். ஒவ்வொரு ஓட்டுநருக்கும் கம்பெனி ஒரு போன் கொடுத்திருக்கிறது. வண்டி எங்கே இருக்கிறது என்று அந்தப் போன் சொல்லும். குஞ்சுப் பெட்டிக்குள் சூடு எவ்வளவு என்பதை ஒரு சின்னக் கருவி போனுக்குச் சொல்லும், போன் நமக்குச் சொல்லும். ஓட்டுநர்கள் சொந்தப் போனை வண்டியில் கொண்டுபோகக் கூடாது. பேசிக்கொண்டே ஓட்டுகிறார்களாம். கேட்டில் என்னிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

வண்டி பத்து நிமிடத்துக்கு மேல் நின்றால் எனக்கும் வினோதினிக்கும் செய்தி வரும். நான் ஓட்டுநரைக் கூப்பிட்டு ஏன் என்று கேட்டு, காரணத்தை அமுக்க வேண்டும். அதைப் பார்த்து ஆபீசில் இருப்பவர்கள் அங்கே மெக்கானிக்கை அனுப்புவதோ, வேறு வண்டி அனுப்புவதோ, பண்ணைக்காரரிடம் சொல்வதோ செய்வார்கள். வண்டி ஓடினால்தான் உள்ளே காற்று. நின்றால் குஞ்சு வெந்துவிடும்.

காரணங்கள்: டீசல். டயர். பழுது. செக்போஸ்ட். நெரிசல். சாப்பாடு. மற்றவை. மற்றவை என்று அமுக்கினால் ஒரு கட்டம் திறக்கும், அதில் எழுதலாம். அங்கே எழுதுவது எல்லா வண்டிக்கும் ஆபீசுக்கும் பண்ணைக்கும் ஒரே நேரத்தில் போய்விடுமாம். நான் எழுதுவதை இத்தனை பேர் படிப்பார்கள்.

ஜூன் 7, வெள்ளி

பெட்டிகளின் அடியில் 'கவனமாகக் கையாளவும்' என்று அச்சிட்டிருக்கிறது. நாலு வருடமாகக் கழுவுகிறேன், இன்றுதான் தெரிந்தது.

ஜூன் 10, திங்கள்

இன்று முதல் செய்தி வந்தது. 'வண்டி 14 நின்றுள்ளது.' வரைபடத்தில் மலை அடிவாரத்தில் சிவப்புப் புள்ளி. நான் கூப்பிட்டேன்.

"வண்டி பதினாலுங்களா? கேட்டுல இருந்து பேசறனுங்க. ஏன் நிக்குதுங்க?"

"சாமி."

"எந்தச் சாமிங்க?"

"கருப்பராயன். வேற எது இருக்குது இங்க?"

வைத்துவிட்டார். மற்றவையை அமுக்கி 'சாமி' என்று எழுதினேன்.

வண்டி 14 ஓட்டுவது கிட்டுசாமி. என் மகன். நடப்பதை எல்லாம் எழுதச் சொல்லியிருப்பதால் இதையும் எழுதுகிறேன். நான் இந்தக் கேட்டுக்கு வந்ததிலிருந்து அவன் என்னோடு பேசுவதில்லை. "நான் ஓட்டற வண்டிக்கு நீங்க கேட்டுத் தொறந்து நிக்கறத ஊரே பாக்குது. வூட்டுக்கு வந்து சும்மா இருங்க. இல்லீன்னா எங்கூடப் பேச வேண்டாம்" என்று சொல்லிவிட்டான். எனக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. தினமும் காலையில் வண்டியை நிறுத்தி, சொந்தப் போனை ஜன்னல் வழியாக நீட்டுவான். ரோட்டைப் பார்த்துக்கொண்டே நீட்டுவான். நான் வாங்கி அறைக்குள் வைப்பேன்.

இப்போது வண்டி நின்றால் நான் கூப்பிட வேண்டும், அவன் எடுக்க வேண்டும். அது ரூல். மற்றபடி எனக்கு எல்லா வண்டியும் ஒன்றுதான்.

ஜூன் 12, புதன்

இன்றும் வண்டி 14 அதே இடத்தில் நின்றது. இன்று சொன்ன பதில் முந்தாநாளைவிடக் கொஞ்சம் நீளம்.

"பூசாரி பால் கறக்கப் போயிட்டாரு. வந்ததும் கெளம்பிருவேன்."

"சரிங்க. மெதுவா வரட்டும்."

"மெதுவா வரட்டும்னா? குஞ்சு இருக்குதுல்ல உள்ள?"

அது சரிதான். நான் யோசிக்காமல் சொல்லிவிட்டேன். இன்றும் மற்றவையில் 'சாமி' என்றுதான் எழுதினேன்.

சத்தியமங்கலம் தாண்டி மலையேறும் வண்டி எதுவும் அந்தக் கருப்பராயனிடம் நிற்காமல் ஏறாது. முன்சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பூசாரி கற்பூரம் காட்டி, பழம் நசுங்க வண்டியை எடுக்க வேண்டும். முதலாளி புது வண்டி வாங்கினாலும் முதலில் அங்கேதான் கொண்டுபோவார். பூசாரிக்கு நாலு மாடு இருப்பதால் ஆளைத் தேட வேண்டியிருக்கும்.

மாலையில் வினோதினி கூப்பிட்டது. "தாத்தா, நீங்க மற்றவைன்னு போட்டா அது சிவப்பு மார்க்கா ஏறுதுங்க. மாசத்துல மூணு ஏறுனா அந்த டிரைவர மலை லைன்ல இருந்து எடுத்துருவாங்க."

"சாமிய வேற எதுல போடறது அம்மிணி?"

"சாப்ட்வேர் செஞ்சவங்க அதுக்கு எடம் வெக்கலீங்களே."

மலை லைன் என்றால் சாம்ராஜ்நகர்ப் பக்கத்துப் பண்ணைகள். கைபழகிய ஓட்டுநருக்கு மட்டும்தான் கொடுப்பார்கள். கிட்டுசாமிக்கு அதில் ஒரு நிமிர்வு உண்டு. சமவெளியில் ஓட்டுகிறவர்களை "டவுன்பஸ்" என்பான்.

'நெரிசல்' என்பது பக்கத்திலேயே இருக்கிறது. விரல் அங்கே போய்விட்டுத் திரும்பியது.

ஜூன் 14, வெள்ளி

வண்டி 14 நிற்கவில்லை என்று நினைத்தேன். நின்றது.

"சிவப்பு மார்க்கு ரெண்டுக்கு மேல போயிரக்கூடாதுங்க. இன்னைக்கு நான் செக்போஸ்ட்டுன்னு போட்டுட்டேன். இனிமே போட மாட்டேன்" என்றேன்.

"உங்கள யாரும் போடச் சொல்லல" என்றான்.

"சாமியச் சீக்கிரம் கும்பிடலாமுல்ல."

"பூசாரிகிட்டச் சொல்லுங்க."

இன்று நிறையப் பேசினோம்.

ஜூன் 17, திங்கள்

வண்டி 14 எங்கேயும் நிற்கவில்லை. அடிவாரத்தைத் தாண்டி நேராக மேலே போய்விட்டது. எல்லாம் பச்சை. போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே பெட்டி கழுவினேன். நல்லதுதான்.

ஜூன் 18, செவ்வாய்

பச்சை.

ஜூன் 19, புதன்

வண்டி 9-ம் வண்டி 14-ம் மலையில் ஒரே புள்ளியாகத் தெரிகின்றன. ஒரு எழுத்தின் மேல் இன்னொரு எழுத்தை எழுதியது போல. அந்த நேரத்தில் 14-இன் பெட்டிச் சூடு இருக்கும் இடத்தில் 'தகவல் இல்லை' என்று வருகிறது. வினோதினியிடம் கேட்டேன். மலையில் டவர் சரியாகக் கிடைக்காது என்றது. இருக்கும்.

வண்டி 9 ஓட்டுவது அருளப்பன். வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர். அவர் கருப்பராயனிடம் நிற்பதில்லை. "எங்க சாமி வண்டிக்குள்ளயே ஒக்காந்து வருதுங்கய்யா" என்று ஸ்டியரிங்குக்கு மேலே ஒட்டிய படத்தைக் காட்டுவார்.

ஜூன் 21, வெள்ளி

காலையில் அருளப்பன் சொந்தப் போனைக் கொடுக்கும்போது உள்ளே பார்த்தேன். படத்துக்குக் கீழே போன் மாட்டும் கொக்கி இரண்டு இருந்தது.

"ஒரு போனுக்கு எதுக்குங்க ரெண்டு?"

"ஒண்ணு உடைஞ்சா ஒண்ணு வேணுமில்லீங்களா?" சிரித்துக்கொண்டே கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

பின்னாலேயே 14 வந்து நின்றது. போனை நீட்டினான். வாங்கினேன். கேட் பார்ப்பவன் வண்டிக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது. அப்படி ஒரு ரூல் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

ஜூன் 24, திங்கள்

நேற்று மலையில் மழை. காலையில் வண்டி 9-ம் 14-ம் வழக்கம்போலப் போயின. நான் தொட்டியில் மருந்து மாற்றிக்கொண்டிருந்தேன். செய்தி வந்தது. 'வண்டி 14 நின்றுள்ளது.' புள்ளி மலைக்கு மேலே, டீக்கடையில்.

பத்து நாள் கழித்துக் கூப்பிடப் போகிறேன் என்று கையைத் துடைத்துவிட்டுக் கூப்பிட்டேன். வேறு ஆள் எடுத்தார்.

"டீக்கடை மாதேவனுங்க. நீங்க யாரு?"

"கேட்டுங்க. கிட்டுசாமி இல்லீங்களா?"

"வண்டி இன்னும் மேல வரலீங்க. ஒம்பதாம் வண்டிக்காரரு போனைக் குடுத்துட்டுப் போயிட்டாரு. தெனமும் அப்படித்தான். பின்னாலயே இவுரு வந்து டீ குடிச்சிட்டு வாங்கிட்டுப் போவாரு."

"எப்பவும் எவ்வளவு நேரத்துல வருவான்?"

"அடுப்புல இருக்கற பால் பொங்கறதுக்குள்ள வந்துருவாரு. இன்னைக்கு ரெண்டு பஸ்ஸே வந்து போயிருச்சு."

"பஸ்காரங்க ஏதாச்சும் பாத்தாங்களா?"

"பனி மூடிக் கெடக்குதுங்க. எதிர்ல நிக்கற ஆளே தெரியல."

வினோதினியைக் கூப்பிட்டேன். வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தது. மறுபடி கூப்பிட்டேன். அதே.

மற்றவையை அமுக்கினேன். கட்டம் திறந்தது.

வண்டி பழுது என்று மட்டும் எழுதலாம். எழுதினால் எல்லோரும் டீக்கடைக்குப் போய்த் தேடுவார்கள். வண்டி அங்கே இல்லை. அது எங்கே என்று தெரிய வேண்டுமானால், போன் வண்டியில் இல்லை என்று எழுதியாக வேண்டும். எழுதினால், கோயிலில் நிற்பதை மறைக்கத்தான் போனை 9-இல் முன்னால் அனுப்பினார்கள் என்று முதலாளிக்கும் தெரிந்துவிடும். கிட்டுசாமியோடு அருளப்பனும் மாட்டிக்கொள்வார். இதையெல்லாம் நான் நின்று யோசிக்கவில்லை. ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அமுக்குவதற்குள் அதுவாகவே மனதில் வந்தது. என்னைவிட வேகமாக எழுதுகிறவராக இருந்தால் இவ்வளவு நினைத்திருக்க மாட்டார்.

அறைக்குள் ஒரு போன் அடித்தது. கிட்டுசாமியின் சொந்தப் போன். 'பூங்கொடி' என்று பெயர் வந்தது. என் மருமகள். நான் எடுக்கவில்லை. எழுதினேன்.

'வண்டி 14 டீக்கடையில் இல்லை. போன் மட்டும் அங்கே இருக்கிறது. கோயிலுக்கும் டீக்கடைக்கும் நடுவில் வண்டி இருக்கிறது. ஓட்டுநர் கிட்டுசாமி. தேடுங்கள்.'

அனுப்பியவுடன் வினோதினி கூப்பிட்டது. "தாத்தா, நெசமாவா?" என்றது. நெசம் என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆறாம் வண்டி காலிப் பெட்டியோடு திரும்பி மலைக்கு மேலே வந்துகொண்டிருப்பதை அது கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டது. ஒவ்வொரு வளைவிலும் நிறுத்தி ஹாரன் அடித்துப் பார்த்துக்கொண்டே இறங்கச் சொன்னது. செக்போஸ்ட்டுக்குச் சொன்னது, சத்தியிலிருந்து மெக்கானிக்கையும் ஆம்புலன்சையும் கிளப்பியது, பண்ணைக்காரரிடம் குஞ்சு தாமதம் என்றது. செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. எல்லாவற்றையும் படித்தேன். படித்து முடிக்குமுன் அடுத்தது வந்தது.

'வண்டி 6: ஹாரனுக்குப் பதில் ஹாரன் கேட்குது.'

'வண்டி 6: கிடைச்சிருச்சு. மூங்கில் புதருக்குள்ள எறங்கி நிக்குது. ஆள் பேசறார்.'

கடைசிச் சொல்லைத் திரும்பவும் படித்தேன்.

சேற்றில் சறுக்கிச் சரிவில் இறங்கி மூங்கிலில் மாட்டி நின்றிருக்கிறது. கதவு நசுங்கி இடது கை உள்ளே சிக்கிக்கொண்டதாம். வலது கையால் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறான். பஸ்காரர்கள் ஏதோ வண்டி வளைவில் அடிக்கிறது என்று போய்விட்டார்கள். பிறகு வந்த ஒரு பஸ்ஸில் இருந்தவர்களை இறக்கி வரிசையாக நிற்க வைத்து, பெட்டிகளைக் கைமாற்றி ஆறாம் வண்டியில் ஏற்றினார்கள். அடியில் இருந்த பெட்டிகள் போய்விட்டன. மற்றவை பிழைத்தன.

பூங்கொடிக்கு நானே பேசினேன். "ஒண்ணுமில்ல சாமி, கையிலதான் அடி" என்றேன். பிறகு வண்டிகள் வரவேண்டியிருந்ததால் கேட்டை விட்டுப் போகவில்லை. இன்று எழுத்து கோணலாக இருப்பது காலையிலிருந்து சாப்பிடாததால்.

ஜூன் 25, செவ்வாய்

சத்தி ஆஸ்பத்திரிக்குப் போனேன். கிட்டுசாமி தூங்கிக்கொண்டிருந்தான். நான் உள்ளே போகும்வரை பூங்கொடியிடம் பேசும் சத்தம் கேட்டது.

ஜூன் 27, வியாழன்

முதலாளி எல்லோரையும் ஷெட்டில் நிற்கவைத்துப் பேசினார். வினோதினியும் வந்திருந்தது. அருளப்பனை மூன்று மாதம் சமவெளியில் போட்டார். கிட்டுசாமிக்கு இந்த வருடம் முழுக்க மலை லைன் கிடையாது என்றார். பிறகு முதலாளி வினோதினியைப் பார்த்து, "அந்தக் கோயில்ல நிக்காம என்னாலயே போக முடியாது அம்மிணி. இவனுக எப்படிப் போவானுக? எதாச்சும் வழி பண்ணு" என்றார்.

"நிக்கறது தப்பில்லீங்க சார். பூசாரிக்குக் காத்திருக்கறதுதான் நேரமாகுது" என்றது அது.

கேட்டுக்கு வந்து வண்டியை எடுக்கும்போது அருளப்பன் சொன்னார்: "உங்களுக்கு அனா ஆவன்னா சொல்லிக்குடுத்த டீச்சர் நல்லா இருக்கோணுமுங்கய்யா. எம் பொழப்பே சமவெளியாப் போச்சு."

"கோவமுங்களா?"

"இருக்காதுங்களா?" என்றார். கொஞ்ச தூரம் போய் வண்டியை நிறுத்தி, தலையை வெளியே நீட்டி, "எழுதாம இருந்திருந்தா அதவிடக் கோவமா இருந்திருக்கும்" என்றார்.

ஜூலை 2, செவ்வாய்

வினோதினி பூசாரியிடம் ஒரு போன் கொடுத்திருக்கிறது. வண்டி சத்தியைத் தாண்டியதும் அவருக்குச் செய்தி போகும். அவர் மாட்டை விட்டுவிட்டுக் கற்பூரத்தோடு ரோட்டில் நிற்பார். வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் கும்பிட வேண்டும். பூசாரியும் இப்போது சிஸ்டத்தில் இருக்கிறார். இன்று முதல் நாள். வண்டி 3 சீக்கிரம் கிளம்பிவிட்டது. வினோதினிக்கு ஒரே சிரிப்பு.

ஜூலை 5, வெள்ளி

பூங்கொடி கேட்டுக்கு வந்தாள். கட்டுப் பிரிக்க ஒன்றரை மாதம் ஆகுமாம். அதுவரை ஓட்ட முடியாது. முதலாளி, "கை சரியாகற வரைக்கும் சம்பளத்த நிறுத்தல, ஆனா வந்து கேட்டுல நிக்கச் சொல்லு" என்றிருக்கிறார்.

"அவன் ஒத்துக்கிட்டானா?"

"ஒண்ணுமே சொல்லலீங்க மாமா. சட்டைய மட்டும் தொவச்சுப் போடச் சொன்னாரு."

"எந்தச் சட்டை?"

"காக்கிச் சட்டைங்க."

ஜூலை 8, திங்கள்

கிட்டுசாமி வந்தான். கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றான். நான் இந்தப் பக்கம். வண்டிகள் வந்தன, போயின. ஓட்டுநர்கள் போனை என்னிடம் கொடுப்பதா அவனிடம் கொடுப்பதா என்று தெரியாமல் நடுவில் நீட்டினார்கள். கேட்டில் இருப்பது ஒரே நாற்காலி. நான் உட்காரவில்லை. அவனும் உட்காரவில்லை. பொழுது போகும்வரை அது காலியாக இருந்தது.

ஜூலை 9, செவ்வாய்

காலையில் அருளப்பன் வண்டியை நிறுத்தி, ஹாரனை விடாமல் அடித்தார். "வாட்ச்மேன் அண்ணா, கேட்டத் தொறங்க. டவுன்பஸ்ஸுக்கு நேரமாச்சு."

கிட்டுசாமி அவரை முறைத்தான். பிறகு வலது கையால் கேட்டைத் தள்ளித் திறந்தான். வண்டி அவனைத் தாண்டும்போது அருளப்பன் நெற்றியில் கை வைத்துச் சலாம் போட்டார். கிட்டுசாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை.

கேட்டை மூடிவிட்டுத் திரும்பியபோதும் முகத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. நான் தொட்டியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒக்காருங்க" என்றான்.

"நீ ஒக்காரு. தொங்கப் போட்ட கை கடுக்கும்."

"ஒக்காருங்கங்கறன்ல? காத்தால இருந்து நின்னுட்டே இருக்கறீங்க."

உட்கார்ந்தேன். அவன் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றான். வெயில் ஏறியது. ஒரு முறை, "அன்னைக்கு ஹாரன அமுக்கி அமுக்கிக் கை மரத்துப்போச்சு" என்றான்.

அவன் சாப்பிடப் போன நேரத்தில் கேட்டுப் போனை எடுத்து ஆபீசுக்கு எழுதினேன். மெதுவாகத்தான் எழுதினேன், பிழை இருக்கிறதா என்று படித்தும் பார்த்தேன்.

'கேட்டில் இரண்டு பேர் இருக்கிறோம். இன்னொரு நாற்காலி அனுப்பவும்.'